துபாஷி இல்லாத லேப்டாப்

சான் ஹோசே, கலிபோர்னியா

அன்புள்ள மாமாவுக்கு,

லேப்டாப்பை ஃபார்மட் அடித்த பிறகு வைஃபை வரவில்லை, நெட்டில் கிடைப்பதிலேயே புதிய டிரைவரைப் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் சொல்லாத மருமகன் பேச்சை எந்த மாமன் கேட்டிருக்கிறார்? கம்ப்யூட்டர் பிறந்த சீமையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு என்று ஊரில் நினைக்கிறார்கள். நிலைமை தலைகீழ். ஆந்திராவில் நம் நாகலாபுரத்தில் இருந்தால் ஊத்துக்கோட்டை வழியாக பஸ் ஏறி சென்னை ரிச்சி தெருவில் இறங்கிவிடலாம். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பின் வயிற்றைக் கிழித்துத் தைத்துக் கொடுக்கிற பையன்கள் அங்கே உண்டு. இங்கே மெஷினைத் திறந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் கேட்பார்கள். பார்த்துவிட்டு 'புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்வது மட்டும் இலவசம். அதனால் அமெரிக்காவுக்கு வந்தவர்கள் முடி வெட்டுவதையும் டிரைவர் மாற்றுவதையும் தாங்களே கற்றுக்கொள்கிறார்கள். இரண்டிலும் முதல் முயற்சி பார்க்கச் சகிக்காது.

டிரைவர் என்ற பெயரே பொருந்தாத பெயர். அது எதையும் ஓட்டுவதில்லை. நம் பக்கத்துப் பழைய சொல்லில் அது துபாஷி, இரண்டு பாஷைக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்: புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த உத்தியோகம். விண்டோஸ் பேசுவது ஒரு பாஷை, வைஃபை கார்டு பேசுவது வேறொரு பாஷை. வீட்டில் தமிழும் மண்டல ஆபீசில் தெலுங்குமாக வாழ்கிற நாகலாபுரத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மனு எழுதியவரும் சரி, ஆபீசரும் சரி, இருவருமே நல்லவர்களாக இருந்து, நடுவில் இருப்பவர் தப்பாகச் சொன்னால் வேலை கெட்டுப்போகும். வைஃபை போனதும் நாம் ரூட்டரைத் திட்டுகிறோம், கார்டைச் சந்தேகப்படுகிறோம், கடைசியில் மழையையும் சேர்த்துக்கொள்கிறோம். ஃபார்மட் அடித்த மறு நிமிடமே போயிருந்தால், இவர்கள் யாரும் குற்றவாளி இல்லை. துபாஷி ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

சாட்சி கேட்பீர்கள். அடிமூடியைக் கழற்றினால் தபால் தலை அளவில் ஒரு பச்சைத் துண்டு தெரியும், அதுதான் வைஃபை கார்டு. பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம். அதன் ஓரத்தில் கடுகு போன்ற இரண்டு பொன்னிறக் குமிழ்கள், அவற்றில் கறுப்பு ஒன்று, வெள்ளை அல்லது சாம்பல் ஒன்று என இரண்டு மெல்லிய கம்பிகள். பெரும்பாலான லேப்டாப்களில் அவை கீல் வழியே ஏறித் திரையின் ஓரத்தில் ஆன்டெனாவாக முடியும். ஒன்று போதாதா, இரண்டு எதற்கு என்றால், அதில் நம் ஆள் ஒருவரின் கைங்கரியம் இருக்கிறது. பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் சோனார் செய்து, இங்கே பக்கத்து ஸ்டான்ஃபோர்டுக்கு வந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், பல ஆன்டெனாக்களில் ஒரே நேரத்தில் வெவ்வேறு தகவலை அனுப்பும் 'மைமோ' முறைக்கு 1992-இல் அங்கிருந்த பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமை கேட்டார். 2009-இல் வைஃபை தரத்திலேயே அது ஏறியது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு. சமையலறைக்கும் சிக்னல் எட்டுகிறது என்றால் பாதி புண்ணியம் பொள்ளாச்சிக்கு. விஷயம் என்னவென்றால், இந்தக் கம்பியையோ குமிழையோ ஃபார்மட் தொடவே தொடாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி நிற்கும். கார்டு செத்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பெயரே வராது. 'யாரோ வந்திருக்கிறார், என்ன பேசுகிறார் என்றுதான் புரியவில்லை' என்பது அந்தக் குறியின் அர்த்தம்.

அந்த வந்தவர் யார் என்று கேட்காமல் துபாஷியைத் தேடுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஒரே மாடலில், அன்றைக்குக் கிடைத்த சரக்கைப் பொறுத்து, இரண்டு மூன்று கம்பெனிகளின் கார்டுகளைப் போட்டு விற்பது வழக்கம். மஞ்சள் குறியை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடி. 'வென்' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின்னால் 8086 என்று இருந்தால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். ஜாதகத்தில் கோத்திரம் பார்ப்பது மாதிரி. இது பொருந்தாமல் எவ்வளவு புதிய டிரைவரைப் போட்டாலும் சம்பந்தம் நிலைக்காது.

கார்டைத் தெரிந்துகொண்டேன், டிரைவரை நெட்டிலிருந்துதானே இறக்க வேண்டும், நெட்டே இல்லையே என்பீர்கள். நியாயம். நம் ஊர் வேதநாராயணர் கோயில் கதையே இதுதான். சோமுகாசுரன் வேதங்களைக் கொண்டுபோய்க் கடலடியில் வைத்துவிட்டான். எடுக்கப் பெருமாளே மீனாக வேண்டியிருந்தது. உங்களுக்கு மீன், பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போன். சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால், போனின் நெட் கம்பி வழியாக வரும். போனின் பாஷை விண்டோஸுக்குப் பெரும்பாலும் முன்பே தெரியும்.

புதியது நல்லதுதானே என்பது அடுத்த கேள்வி. முழுக்கத் தள்ள முடியாது. 2017-இல் பெல்ஜியத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப், வைஃபையின் பூட்டைக் குடைய முடியும் என்று 'கிராக்' என்ற ஓட்டையைக் காட்டினார். 2021-இல் இன்னும் சில ஓட்டைகள். அவற்றை அடைத்த டிரைவர்களைப் போடாமல் இருப்பது வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம். ஆகவே என் ஆட்சேபம் புதுமை மேல் இல்லை, ஊர் பேர் தெரியாத புதுமை மேல். லேப்டாப் கம்பெனியோ கார்டு கம்பெனியோ தருவதை எடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வருகிறவை கல்யாணத் தரகர் சங்கதி, அவர்களுக்கு எல்லா ஜாதகமும் பொருந்தும். பழைய டிரைவரை எடுக்கும்போது அதன் கோப்பையும் அழிக்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். மாற்று கைக்கு வரும்வரை அதில் டிக் அடிக்காதீர்கள். அடித்துவிட்டால் ரோல் பேக் பொத்தான் இருந்தும் பயனில்லை, திரும்பிப் போக ஆள் இருக்காது.

கார்டையே மாற்றிவிட்டால்? சில கம்பெனிகள் தாங்கள் ஒப்புக்கொண்ட கார்டைத் தவிர வேறு எது செருகினாலும் மெஷினே எழாதபடி பயாஸில் பட்டியல் வைத்திருந்தன. நம் காசில் வாங்கிய லேப்டாப்புக்கு அவர்களது வாயிற்காப்போன். நூறு இருநூறுக்கு யூஎஸ்பி டாங்கிள்? அதற்கும் டிரைவர் வேண்டும். அதைக் குட்டி சிடியில் போட்டு, சிடி போட இடமே இல்லாத லேப்டாப்களுக்கு விற்றார்கள். இந்த அழும்புக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: தன் கார்டு பேசும் பாஷையின் இலக்கணத்தைக் கம்பெனி வெளியே விடாது. லினக்ஸ்காரர்கள் பிராட்காம் கார்டுகளுக்காக விண்டோஸ் டிரைவரையே அறுத்து உள்ளிருப்பதை உருவி எடுத்துப் பல வருஷம் ஓட்டினார்கள். 2010 செப்டம்பரில்தான் அந்தக் கம்பெனி ஒரு டிரைவரைத் திறந்து வைத்தது. அதற்கும் வெகு முன்னால், எம்ஐடியில் ஒரு ஜெராக்ஸ் பிரிண்டரின் நிரலைக் கேட்டுக் கிடைக்காத கோபமும் சேர்ந்துதான் அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மேனை 1983-இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தை அறிவிக்க வைத்தது. பாஷையைப் பூட்டி வைத்தால் துபாஷி சொன்னதே சட்டம். அதனால் அடுத்த ஃபார்மட்டுக்கு முன் இப்போது போடப்போகும் டிரைவரை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

பங்குனியில் நம் கோயில் சூரிய பூஜைக்கு வரலாம் என்று இருக்கிறேன். கோபுர வாசலைத் தாண்டி வெயில் முதல் நாள் பாதம், அடுத்து நாபி, அப்புறம் சிரசு என்று கணக்குத் தப்பாமல் பெருமாள் மேல் விழும்; அதற்கு டிரைவரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். உங்கள் ரூட்டர் விஷயம் அப்படி இல்லை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13-ஆம் சேனல் வரை அனுமதி உண்டு. அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப்களில் பலவற்றுக்கு 11-க்கு மேல் கண் தெரியாது. நான் என் லேப்டாப்போடு வருவதற்குள் ரூட்டரை 6-ல் வைத்துவிடச் சொல்லுங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம்.

உங்கள் மருமகன்