மயிலாப்பூரில் இல்லாதவற்றைப் பார்க்கும் முறை

மரபு நடை என்பது, ஒரு பேட்டைக்காரர் தினமும் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் இடங்களை, வேறு பேட்டைக்காரர் கட்டணம் செலுத்தி நின்று பார்க்கும் ஏற்பாடு. சென்னையின் பல பகுதிகளில் இது நடக்கிறது. மயிலாப்பூர் நடைக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு: காட்டப்படுபவற்றில் பாதி அங்கே இருக்காது.

இதன் பருவம் ஆகஸ்ட். கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைப் பக்கம் நிலம் பெற்ற 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதியை நகரத்தின் பிறந்தநாளாக வைத்து, 2004 முதல் மெட்ராஸ் தினம் கொண்டாடப்படுகிறது. அந்த நிலம் கைமாறியபோது, ஞானசம்பந்தர் மயிலாப்பூருக்கு வந்து பதிகம் பாடிவிட்டுப் போய் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகியிருந்தது. கொள்ளுப்பேரனின் பிறந்தநாளுக்கு வீட்டைத் திறந்துவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருக்கும் கொள்ளுப்பாட்டியின் நிலைதான் ஆகஸ்டில் மயிலாப்பூருக்கு. நேரம் விடியற்காலை. ஆறு மணி என்று வாட்ஸ்அப்பில் வரும், ஆறரைக்குத் தொடங்கும், ஏழு மணிக்கு வந்து சேருபவர் பார்க்கிங் கிடைக்கவில்லை என்பார். அது மட்டும் வரலாற்று உண்மை.

உலகில் மரபு நடைக்கு உதாரணமாகச் சொல்லத்தக்க இடம் அயர்லாந்தின் கிளெண்டலாக். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு, அதில் இரண்டு ஏரி, 6ஆம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி நிறுவிய மடத்தின் இடிபாடுகள், சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு வட்டக் கல் கோபுரம். எல்லாம் கண்ணெதிரே இருப்பதால் வழிகாட்டிக்கு அதிக வேலை இல்லை. தென்சென்னையில் நிலைமை வேறு. இங்கே மிக அருகில் மலை என்று இருப்பது சைதாப்பேட்டைப் பக்கத்துச் சின்னமலை. அதன் அடக்கம் பெயரிலேயே தெரியும். பள்ளம் வேண்டுமென்றால் தி. நகருக்குத்தான் போக வேண்டும். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியின் தென்பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்று பெயர். 1920களில் அதை வடித்துவிட்டு, பிட்டி தியாகராயர் பெயரில் நகர் எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. அங்கு நின்று பார்த்தால் எதிர்வீட்டு பால்கனியில் காயும் துணி தெரியும். கார்த்திகையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் அடித்துப் பெய்தால் மட்டும் ரோட்டின் பெயர் பொருத்தமாகிவிடும்.

நடை தெப்பக்குளத்தங்கரையில் தொடங்குவது வழக்கம். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் 120 அடி. அது எழுந்த ஆண்டு 1906. மூவாயிரம் ஆண்டுப் பழமையை எதிர்பார்த்துத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தவர்களுக்கு இந்த ஆண்டைச் சொல்வது சங்கடமான வேலை. ஆகவே அனுபவமுள்ள வழிகாட்டி அதைச் சொன்ன கையோடு, 'ஆனால் பழைய கோயில் இங்கே இல்லை' என்று சேர்த்துக்கொள்வார். உடனே கூட்டம் நிமிரும். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் பாடியபோது கோயில் கடற்கரையில் இருந்தது. இன்று கடலுக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும். நடுவில் என்ன ஆயிற்று என்பதில் இரண்டு கட்சி உண்டு. கடல் கொண்டது என்பது ஒன்று, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இடித்தார்கள் என்பது மற்றொன்று. பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் தேவாலய வளாகத்தில் கிடைத்திருப்பதால் இரண்டாவது கட்சிக்கு வலு அதிகம். இருந்தாலும், கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பெரும்பாலான வழிகாட்டிகள் கடலின் மேல் பழியைப் போடுகிறார்கள். கடல் வழக்குப் போடாது.

இந்த இடத்தில் மாடவீதிவாசி ஒருவர் குறுக்கிடுவது நடையின் அங்கம். கட்டணத்தில் அதுவும் சேர்த்தி. கையில் பால் பாக்கெட் இருக்கும்.

"யார் சொன்னா உங்களுக்கு? எங்க தாத்தா இதே தெருவுல பொறந்தவர். அவர் இப்படிச் சொல்லலை."

"எப்படிச் சொன்னார் மாமா?"

"அவர் எங்க பேசினார்? பாட்டிதான் பேசுவா."

குறிப்பேடு வைத்திருப்பவர்கள் இதையும் எழுதிக்கொள்வார்கள்.

அடுத்தது லஸ் தேவாலயம். பிரகாச மாதா கோயிலான இதில் 1516 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்களில் சிலர் அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. நடுக்கடலில் திசை தெரியாமல் தவித்த போர்ச்சுக்கீசிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது, அதைப் பின்தொடர்ந்து வந்தபோது இந்த இடத்தில் அது மறைந்தது, அங்கே கோயில் கட்டினார்கள் என்பது வரலாறு கலந்த கதை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் காட்டுக் கோயில். காடு போய் வெகுகாலம் ஆயிற்று. வெளிச்சத்தைப் பின்தொடர்ந்து இன்று எவராவது கரையிலிருந்து வந்தால், லஸ் முனையின் மெட்ரோ தடுப்புகளுக்கு முன்னால் நின்று, 'சுத்திப் போகணும்' என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அந்தத் தடுப்புகளுக்குப் பின்னால் திருமயிலை ரயில் நிலையத்துக்காகத் தோண்டியிருக்கும் குழிதான் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய பள்ளத்தாக்கு. அதற்கு அனுமதிச் சீட்டு கிடையாது.

மடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஸ்ரீராமகிருஷ்ண மடத்தைக் காட்டலாம். சென்னையில் 1897இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் தொடங்கிய மடம் அது. இன்றும் துறவிகள் இருக்கிறார்கள், தோட்டம் பெருக்கப்படுகிறது, புத்தகக் கடையில் சில்லறை சரியாகக் கொடுக்கிறார்கள். இடிபாடு பார்க்க வந்தவர்களுக்கு இப்படி ஒழுங்காக இயங்கும் மடத்தால் பயன் இல்லை. பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

கச்சேரி ரோட்டை ஒட்டிய அருண்டேல் தெருவில் பேயாழ்வார் அவதரித்த கிணறு இருக்கிறது. செவ்வல்லி மலரில் அவர் தோன்றினார் என்பது வைணவ மரபு. இதே தெருவில்தான் ராயர் மெஸ்ஸும் இருக்கிறது. இந்த இரண்டில் எதை முதலில் காட்டுவது என்பது ஒரு வழிகாட்டியின் தகுதியை அளக்கும் கேள்வி. கிணற்றை முதலில் காட்டினால், கெட்டிச் சட்னியின் வாசனையில் முதலாழ்வார்கள் மூவரில் ஒருவர்கூடக் காதில் ஏறமாட்டார். மெஸ்ஸை முதலில் காட்டினால் அதன் பிறகு நடை கிடையாது.

எப்படியோ சாந்தோம் வந்து சேர்ந்தவர்கள் பார்க்கும் வெள்ளைத் தேவாலயம் 1896இல் முடிந்தது. அதற்கு முன் அங்கே நின்றது போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதற்கும் முன் இருந்ததை 13ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ குறிப்பிட்டிருக்கிறார். இயேசுவின் சீடரான தோமையாரின் கல்லறை என்று நம்பப்படுவதால் கட்டடம் மாறினாலும் இடம் மாறவில்லை. அதைச் சுற்றி எழுந்த போர்ச்சுக்கீசியக் கோட்டைச் சுவரும் போய்விட்டது.

உண்மையான துறவியர் இடிபாடு ஒன்று மயிலாப்பூரில் உண்டென்றால், அது இந்தப் பக்கம் எங்கோ இருந்த நேமிநாதர் கோயில்தான். 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதரைத் தமிழ்ச் சமணர்கள் இங்கே வழிபட்டார்கள். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு இவர் பெயரால் 'நேமிநாதம்' என்று பெயர் வைத்தார். நன்னூலுக்கு உரை எழுதிய சமணர் மயிலைநாதர் என்றே அழைக்கப்பட்டார். எழுத்தும் சொல்லும் பேசிய அறிஞர்கள் இங்கே உலவியிருக்கிறார்கள். பிறகு கடல் நெருங்குகிறது என்ற அச்சத்தில் நேமிநாதரின் திருமேனியைச் செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் ஊர் அது. மயிலையில் கோயில் மிச்சம் இல்லை. வழிகாட்டி கையை நீட்டும் திசையில் இருப்பது மதில் சுவர், அதில் ஒரு டியூஷன் விளம்பரம். இல்லாத கோயிலைப் படம் எடுப்பது கடினம் என்பதால் எல்லோரும் சுவரை எடுத்துக்கொள்வார்கள்.

கூப்பிடு தூரத்தில், தேவாலயத்தின் பின்புறம், கடலைப் பார்த்து ஒரு மரக்கம்பம் நிற்கிறது. தோமையார் நட்ட அந்தக் கம்பத்தைத் தாண்டிக் கடல் வராது என்பது நம்பிக்கை. 2004 சுனாமிக்குப் பிறகு நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. கடலுக்கு அஞ்சி ஒரு தரப்பு ஊரைவிட்டுப் போயிருக்கிறது, கடல் வராது என்ற உத்தரவாதத்தை இன்னொரு தரப்பு அதே கரையில் நட்டு வைத்திருக்கிறது. இரு தரப்பும் கலந்து பேசியிருந்தால் ஓர் இடமாற்றச் செலவு மிச்சமாகியிருக்கும்.

காலில் தெம்பு உள்ளவர்களுக்கு அடையாறு. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் அங்கே இயங்குகிறது. அதன் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் வட்டமாக நிற்க, நடுவில் இல்லாத மரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மயிலாப்பூரில் காலை முழுவதும் பழகிய கண்ணுக்கு இது சிரமமே இல்லை.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது உடைந்த பாலம். மீனவர்கள் எளிதாகக் கரை தாண்ட 1967இல் கட்டியது. 1977இல் வெள்ளத்தில் உடைந்தது. நடையில் காட்டப்படுபவற்றில் வயதில் இளையது இதுதான், முறையாக இடிந்து கிடப்பதும் இது ஒன்றுதான். ஒருபக்கம் ஆறு, ஒருபக்கம் கடல், மாலை வெயில், நடுவில் அந்தரத்தில் முடியும் கான்கிரீட். கிளெண்டலாக்கில் இருந்து வருபவரும் குறை சொல்ல முடியாது. கற்பனை தேவையில்லை, கையை நீட்டிக் காட்ட ஆளும் தேவையில்லை. காலையில் இருந்து காணாமல்போன கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் உச்சுக்கொட்டிக்கொண்டு வந்தவர்கள் இதைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்வி: "இத்தனை வருஷமா இதை ஏன் சார் இடிச்சுட்டுப் புதுசா கட்டலை?"