மாலேக்கு விமானம், தருவைக்குளத்துக்குக் கடிதம்

மாலத்தீவின் ஜனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். டெல்லியின் எந்த மக்களவைத் தொகுதியை எடுத்தாலும் அதில் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாக்காளர்கள் இருப்பார்கள். அந்த நாடுதான் ‘விஸ்வகுரு’வுக்கு இரண்டே ஆண்டில் பாடம் எடுத்து, ஃபீஸும் வாங்கிக்கொண்டு போனது.

2023 செப்டம்பரில் ‘இந்தியாவே வெளியேறு’ என்று முழங்கிய அணியின் வேட்பாளர் முகமது முய்சு அதிபர் தேர்தலில் வென்றார். வெளியேற்ற அங்கே என்ன இருந்தது? இரண்டு ஹெலிகாப்டர், ஒரு டோர்னியர் விமானம், நோயாளிகளைத் தீவு விட்டுத் தீவு தூக்கிப்போன எண்பது சொச்சம் ராணுவத்தினர். 2024 ஜனவரியில் நம் பிரதமர் லட்சத்தீவுக் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து அங்கே மூன்று துணை அமைச்சர்கள் சமூக வலைதளத்தில் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். மூவரையும் தலைநகர் மாலேயிலிருந்த அரசு பணியிடை நீக்கம் செய்தது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

நொய்டா டிவி ஸ்டுடியோக்கள் விடுமா? ஏசி அறையில் போர் மூண்டது. லட்சத்தீவு எந்தக் கடலில் இருக்கிறதென்றே அதுவரை யோசிக்காத நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் ஒரே நாளில் அதன் தூதர்களானார்கள். டிக்கெட் நிறுவனம் ஒன்று மாலத்தீவு விமானப் பதிவையே நிறுத்தி தேசத் தொண்டு செய்தது. ரத்தான டிக்கெட்டைப் படம் பிடித்துப் போட்டவர்கள் கார்கில் போய் வந்த தோரணையில் திரிந்தார்கள். லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், அங்குள்ள அகத்தி விமான நிலையத்தில் சின்ன விமானம்தான் இறங்கும் என்பதெல்லாம் வீராவேசத்துக்கு இடைஞ்சலான தகவல்கள்.

முய்சு பெய்ஜிங் போனார். திரும்பி வந்ததும், சிறிய நாடென்பதால் எங்களை மிரட்ட யாருக்கும் உரிமம் இல்லை என்றார். மே 10-க்குள் நம் ராணுவத்தினர் கிளம்ப, அவர்கள் இடத்தில் ‘தொழில்நுட்பப் பணியாளர்கள்’ போய்ச் சேர்ந்தார்கள். ஹெலிகாப்டர் அதேதான்.

ஜூன் 9. குடியரசுத் தலைவர் மாளிகையில் நம் பிரதமரின் பதவியேற்பு விழா. விருந்தினர் வரிசையில் முய்சு! அக்டோபரில் ஹைதராபாத் ஹவுஸில் 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணய மாற்று உதவியாக அவருக்கு உறுதியாயின. 2025 ஜூலையில் நம் பிரதமரே மாலேயின் சுதந்திர தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போனார். 4,850 கோடி ரூபாய் கடன் வசதியும் கூடவே போனது. மாலேயின் பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்தில் அவர் படம் ஆளுயரத்துக்கும் பல மடங்கு பெரிதாகத் தொங்கியது. டிக்கெட் கிழித்த தேசபக்தர்கள் அன்று எங்கே போயிருந்தார்கள் என்று தெரியவில்லை.

முய்சுவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஐந்து லட்சம் பேரை வைத்துக்கொண்டு இரண்டு வல்லரசுகளிடம் காரியம் சாதிக்கிறார். வாங்கத் தெரிந்தவன் வாங்குகிறான். வயிறு எரிவது வேறு கணக்கில்.

2023 அக்டோபரில் தூத்துக்குடி தருவைக்குளத்து மீனவர்கள் பன்னிரண்டு பேரை, எல்லை தாண்டியதாக மாலத்தீவுக் கடலோரக் காவல் படை பிடித்தது. ஆட்களை விட்டார்கள்; படகுக்குக் கோடிக்கணக்கில் அபராதம். எந்த ஸ்டுடியோ போர் அறிவித்தது? எந்த நடிகர் கொதித்தார்? சென்னையிலிருந்து வெளியுறவு அமைச்சருக்கு ஒரு கடிதம் போனது. இலங்கைக் கடற்படை பிடித்தாலும் கடிதம்தான். கடிதம் எழுதியே தமிழ்நாட்டு முதலமைச்சர்களுக்குக் கை தேய்ந்துவிட்டது, கட்சி பேதமில்லாமல்.

டெல்லிக்கு வேகம் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். 1988 நவம்பர் 3-ல் இலங்கையின் புளொட் இயக்கத்து ஆயுததாரிகள் மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தபோது, அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் படை போய் இறங்கியது. 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தீப்பிடித்தபோது விமானத்தில் தண்ணீர் போனது. நல்லதுதான், தாகம் யாருக்கும் தாகம்தான். ஆனால் மாலேக்கு ஐ.நா. சபையில் ஒரு வாக்கு இருக்கிறது, பக்கத்துக் கடல்வழியில் ஓர் இருப்பிடம் இருக்கிறது, மிரட்டிப் பார்க்க ஒரு சீனாவும் இருக்கிறது. தருவைக்குளத்துக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது?

அடுத்த தடவை நொய்டா ஏதாவது ஒரு தீவின் மேல் போர் தொடுத்தால், அவசரப்பட்டு டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள். ரத்துக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். அரசாங்கம் எதையும் ரத்து செய்யவில்லை.