பருவுக்குப் பேதி மருந்து

எங்கள் வீட்டில் முகத்தில் எது முளைத்தாலும் விசாரணை வயிற்றில்தான் நடக்கும். கன்னத்தில் ஒரு பரு எட்டிப்பார்த்ததும் பாட்டி கேட்பாள்: "இன்னைக்கு வெளிக்குப் போனியாடா?" அதுவும் கூடம் நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது. நான் என்ன பதில் சொன்னாலும் தீர்ப்பு விளக்கெண்ணெய்தான்.

சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோல் டாக்டர் சொன்னபோது காலில் விழாத குறை. அந்தக் காலத்து டாக்டர்களுக்குப் பெரிய ஆதாரம் 1969இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. பருவுள்ள 65 பேருக்குச் சில வாரம் சாக்லேட், சில வாரம் சாக்லேட் இல்லாத போலி மிட்டாய். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை; சாக்லேட் நிரபராதி! போலி மிட்டாயிலும் கொழுப்பும் சர்க்கரையும் ஏறக்குறைய அதே அளவு என்பதைப் பிறகுதான் கவனித்தார்கள். ஆய்வுக்குக் கைகொடுத்தது சாக்லேட் தயாரிப்பாளர் சங்கம். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளையின் அம்மாவிடமே விசாரித்த கதை.

பாட்டிக்கும் வெள்ளைக்கார சாட்சிகள் உண்டு. 1930இல் ஸ்டோக்ஸ், பில்ஸ்பரி என்ற இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள், மனக்கவலை குடலைக் கெடுக்கிறது, கெட்ட குடல் தோலைக் கெடுக்கிறது என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன வைத்தியத்தில் புளித்த பாலும் மீன் எண்ணெயும் இருந்தன. நாற்றத்தில் மீன் எண்ணெய் விளக்கெண்ணெய்க்குச் சளைத்ததல்ல.

சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கும் ஒரு சாட்சி வந்தது: பாப்புவா நியூ கினியில் கிட்டாவா என்றொரு தீவு. கிழங்கும் மீனும் தேங்காயும் பழமும்தான் சாப்பாடு. அங்கே 1,200 பேரைப் பரிசோதித்தும் ஒரு பருகூடத் தென்படவில்லை என்று 2002இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மைதாவும் சீனியும் ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்ற, இன்சுலின் துள்ள, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குக் கொண்டாட்டம் என்பது இன்றைய விளக்கம். பால்மீதும் சந்தேகம் இருக்கிறது, அதிலும் கொழுப்பு நீக்கிய பால்மீது. விளக்கெண்ணெய்க் கசப்பு போகட்டும் என்று பாட்டி கொடுத்தது என்ன தெரியுமா? ஆடை எடுத்த பாலில் இரண்டு கரண்டி சீனி.

இதையெல்லாம் மகளிடம் விளக்கி, பரோட்டாவைக் குறைக்கச் சொன்னேன்.

"நீங்களும்தானே தினம் சாப்பிடுறீங்க? உங்களுக்கு ஏன்ப்பா பரு வரல?"

நான் பதில் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "அவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே இடத்துல வந்திருக்கு. சட்டை பட்டனைப் பாரு."