மணி அடிப்பதற்குள் சொல்லுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலிருந்து ஒரு மாணவி நாலைந்து கேள்விகளை ஒரே கடிதத்தில் அனுப்பியிருக்கிறார். அதே விஷயத்தைப் பற்றி அரூர், மொரப்பூர் பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் முழுக்கக் கல்லூரி விவாதப் போட்டிதான்.

மாணவி, சித்தேரி: என்னையும் என் வகுப்புத் தோழியையும் விவாதப் போட்டிக்காகச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். மலையை விட்டு இவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை. எதை மறக்கக் கூடாது?

ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை. சுழற்கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' விழுந்தால் விழுந்ததுதான். கிளம்பும் முன்பே துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் போனஃபைடு சான்றிதழும் பையில் மேலாக இருக்கட்டும். கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்; மேடையில் போனை எடுத்து மணி பார்க்க முடியாது.

அடுத்தது பயணம். மலைப் பஸ்ஸை விட்டால் அரூரில் பஸ் போய்விடும். அரூர் பஸ்ஸை விட்டால் மொரப்பூரில் ரயில் போய்விடும். அதனால் போட்டிக்கு முந்தைய நாள் பகலிலேயே சென்னைக்குப் போய்ச் சேரும்படி கல்லூரியிடம் கேளுங்கள். சென்னை மாணவர் வீட்டில் தூங்கி எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பேசுவார். நீங்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி வந்து அவரோடு மோதக் கூடாது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயை டிக்கெட்டுக்கு எடுக்காதீர்கள். அது உங்கள் படிப்புக்கு. கல்லூரியின் பெயரைச் சுமந்து போகிறவருக்குக் கல்லூரிதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஒரு தகப்பனார், சித்தேரி: வயசுப் பெண்ணைப் பேச்சுப் போட்டி என்று அவ்வளவு தூரம் அனுப்பத்தான் வேண்டுமா?

ஐயா, உங்கள் கவலையில் ஒரு தப்பும் இல்லை. அதைக் கல்லூரியில் போய்க் கேள்வியாகக் கேளுங்கள். கூட வரும் பேராசிரியை யார்? தங்குமிடம் எது? திரும்பும் ரயில் மொரப்பூருக்கு எத்தனை மணிக்கு வரும்? அதற்குள் மலைக்குக் கடைசிப் பஸ் போய்விட்டால் பிள்ளைகள் அரூரில் யார் வீட்டில் இருப்பார்கள்? பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். பிறகு தைரியமாக அனுப்புங்கள்.

வாதம் செய்யப் பெண் ஊர்விட்டு ஊர் போவது தமிழுக்குப் புதிதல்ல. குண்டலகேசியின் கதை தெரியுமல்லவா? ஊர் ஊராகப் போய், ஊர் வாசலில் நாவல் கிளையை நட்டுவைத்து, "வாதுக்கு வருகிறவர் வரலாம்" என்று அழைத்தவள். கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்றுத் துறவியானாள் என்கிறது பௌத்த மரபு. அந்தக் காப்பியத்துக்கு மறுப்பாகச் சமணர்கள் எழுதிய நீலகேசியிலும் வாதம் செய்வது ஒரு பெண்தான். மணிமேகலையோ வஞ்சி நகரம் போய் ஒவ்வொரு சமயவாதியையும் அவரவர் கொள்கையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். உலகப் புகழ்பெற்ற ஆக்ஸ்போர்டு யூனியன் விவாத மன்றம் 1823-இல் தொடங்கியது. பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1963-இல். நம் காப்பியக்காரர்கள் எவ்வளவோ காலம் முந்திக்கொண்டுவிட்டார்கள். நீங்களும் முந்திக்கொள்ளுங்கள்.

மாணவர், அரூர்: பட்டிமன்றத்துக்கும் 'பார்லிமென்டரி' விவாதத்துக்கும் என்ன வித்தியாசம்?

பட்டிமன்றத்தில் நடுவர்தான் கதாநாயகர். பார்லிமென்டரி விவாதத்தில் கடைசிப் பேச்சாளர் முடிக்கும்வரை அவர் வாயே திறக்க மாட்டார்.

பிரிட்டிஷ் முறையில் 4 அணிகள், அணிக்கு 2 பேர். இரண்டு அணிகள் அரசுத் தரப்பு, இரண்டு அணிகள் எதிர்த்தரப்பு. தலைப்பை அறிவித்த 15-ஆவது நிமிடம் பேச்சு ஆரம்பமாகிவிடும். ஒருவருக்கு 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பேசுகிறவருக்கே சொந்தம். இடைப்பட்ட 5 நிமிடத்தில் பேசுகிறவருக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் யாரும் எழுந்து கேள்வி கேட்க அனுமதி கேட்கலாம். உலகப் பல்கலைக்கழக விவாத சாம்பியன்ஷிப் இந்த முறையில்தான் நடக்கிறது. 1981-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய அந்தப் போட்டி, 2014-ஆம் ஆண்டுக்கு நம் சென்னையிலேயே நடந்தது.

பட்டிமன்றம் கேட்டுப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் வறட்சியாக இருக்கும். ஆனால் உதாரணம் சொல்லி விளக்குவதில் பட்டிமன்றப் பேச்சாளருக்கு இணை கிடையாது. அந்த ஒரு திறமையைக் கையோடு கொண்டு போங்கள்.

மாணவி, சித்தேரி: குலுக்கலில் எனக்கு உடன்பாடில்லாத பக்கம் வந்துவிட்டால்? மனசாட்சிக்கு விரோதமாகப் பேசலாமா?

கடிதத்திலேயே நல்ல கேள்வி இதுதான். பேசுங்கள். எதிராளியிடம் உள்ள வலுவான காரணம் எது என்று நாமாக ஒருநாளும் தேடிப் பார்ப்பதில்லை. குலுக்கல் சீட்டு அதைத் தேட வைக்கிறது.

தலைப்பு "மலைக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் சாலை போட வேண்டும்" என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மலைக்காரர். பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டித் தூக்கி இறக்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். சாலை வேண்டாம் என்று எப்படிப் பேசுவது? ஆனால் சீட்டில் வந்தது அந்தப் பக்கம். 15 நிமிடம் உட்கார்ந்து யோசிக்கிறீர்கள். சாலை வழியாக ஆம்புலன்ஸ் மட்டுமா மேலே வரும்? நிலம் வாங்குகிறவரும் வருவார், சொகுசு விடுதி கட்டுகிறவரும் வருவார். காடு இரண்டாக வெட்டுப்படும். இதையெல்லாம் பேசி முடித்து ஊருக்குத் திரும்பிய பிறகும் நீங்கள் சாலை கேட்பீர்கள். ஆனால் "சாலையும் வேண்டும், எங்கள் நிலம் கைமாறாமல் இருக்கக் காப்பும் வேண்டும்" என்று கேட்பீர்கள். உங்கள் கோரிக்கை முன்பைவிட வலுவாகியிருக்கும்.

எதிர்ப்பக்கத்தைத் தேடிப் படிப்பதற்கு நம் பக்கத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்று 1943-இல் இரண்டு சொற்போர்கள் நடந்தன. பிப்ரவரி 9 அன்று சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் ரா.பி. சேதுப்பிள்ளையும் அண்ணாவும்; மார்ச் 14 அன்று சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அண்ணாவும். அந்தப் பேச்சுகள் 'தீ பரவட்டும்' என்ற நூலாக இன்றும் கிடைக்கின்றன. கம்பனைக் கடுமையாக எதிர்த்த அண்ணா, கம்பனை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் மேடை ஏறினார். எதிரில் இருந்த தமிழறிஞர்களை ஒரு சொல்லாலும் சிறுமைப்படுத்தவில்லை. 25 ஆண்டு கழித்து, 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னை மெரினாவில் கம்பருக்குச் சிலை வைக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் அண்ணா. போட்டி முடிந்து நேரமிருந்தால் கடற்கரைக்குப் போய் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சீட்டுக் குலுக்கிப் பக்கம் எடுப்பது போட்டி மண்டபத்தோடு முடிந்துவிட வேண்டும். கிராம சபையில் எழுந்து பேசும்போது நம்புவதை மட்டும் பேசுங்கள்.

மாணவர், மொரப்பூர்: ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து பேசினால் என்ன?

மூன்றாவது நிமிடம் ஒருவர் எழுந்து, "இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?" என்பார். அப்போது ஏ.ஐ. உங்கள் பைக்குள் இருக்கும், பை மண்டபத்துக்கு வெளியே இருக்கும், நீங்கள் மட்டும் மேடையில் இருப்பீர்கள்.

மாணவி, சித்தேரி: மைக்கைப் பிடித்தாலே குரல் நடுங்குகிறது.

நடுங்கட்டும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குரல் தன் இடத்துக்கு வந்துவிடும். வணக்கத்தை 10 நொடியில் முடியுங்கள். கிடைப்பதே 7 நிமிடம். அதில் ஒரு நிமிடத்தை நடுவரைப் புகழக் கொடுத்துவிட்டுப் பிறகு நேரம் போதவில்லை என்று வருந்துகிறவர்கள் ஏராளம். புகழ்ச்சிக்கு எந்த நடுவரும் மார்க் போடுவதில்லை.

மாணவி, சித்தேரி: நகரத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுவார்கள். என் பேச்சில் மலைவாடை அடிக்கும். சிரிக்க மாட்டார்களா?

ஓரிருவர் சிரிக்கலாம். அவர்களுக்காக உங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டாம். தெளிவாக, கொஞ்சம் மெதுவாகப் பேசினால் போதும். நான் சொன்ன உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் அந்நிய மொழியாகவும் கற்றவர்களுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. உச்சரிப்பை வைத்து வாதத்தை எடைபோடக் கூடாது என்பது அங்கே ஒப்புக்கொண்ட விஷயம்.

அதைவிட முக்கியம், உங்களிடம் இருக்கும் சரக்கு. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தை நகரத்து மாணவர் புத்தகத்தில் படித்திருப்பார். பட்டாவுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தை நீங்கள் பெயர் சொல்லி அறிவீர்கள். சாமை விதைப்பை ஏன் குறைத்தார்கள், மரவள்ளி எப்படி வந்தது, வியாபாரி புளிக்கு என்ன விலை வைக்கிறார் என்பதெல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சு. விவாத மேடையில் இதற்குப் பெயர் ஆதாரம். ஆனால் அதை அழுகையாகக் கொட்டாதீர்கள். எத்தனை வீடு, எத்தனை ஏக்கர், எத்தனை வருடம் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள்.

சொல்லின் வலிமைக்கு நீங்கள் சென்னைவரை போய்ச் சான்று தேட வேண்டாம். உங்கள் மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஊர்க்காரர்கள் சிறைக்குப் போனார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மறுப்பதற்கு அதிகாரம் இருந்தது, ஆளும் இருந்தது. வாச்சாத்திப் பெண்கள் நீதிமன்றத்தில் ஏறி நின்று தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் பேச்சிலேயே சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் ஊருக்கே வந்து பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டு ஆயிற்று. அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றவில்லை.

உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர் முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கைதட்டல் வாங்குவதற்காக வாச்சாத்தியை மேடையில் எடுக்காதீர்கள். தலைப்பு கேட்டால் மட்டும், தேதி பிசகாமல், மரியாதையோடு சொல்லுங்கள்.

மாணவர், பாப்பிரெட்டிப்பட்டி: கைதட்டல் அதிகம் வாங்கியவருக்குத்தானே பரிசு?

அப்படியானால் நடுவர் எதற்கு, ஒலி அளக்கும் கருவி போதுமே!

மாணவி, சித்தேரி: தோற்றுத் திரும்பினால் ஊருக்கு என்ன பதில் சொல்வது?

முதல் போட்டியில் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். முடிவு அறிவித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நடுவரிடம் போய், எந்த இடத்தில் விட்டோம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான நடுவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அந்த ஒரு தாள் கோப்பையைவிட அதிக நாள் பயன்படும்.

ஜெயித்தும் பட்டம் கிடைக்காதவர்கள் உண்டு, தெரியுமா? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் என்ற சிற்றூரில் வைலி கல்லூரி, கறுப்பின மாணவர்கள் படித்த கல்லூரி. கவிஞர் மெல்வின் டால்சன் அங்கே விவாத அணியைப் பயிற்றுவித்தார். வெள்ளையர் விடுதிகளில் இடம் தராத காலத்தில் அந்த மாணவர்கள் நெடுந்தூரம் பயணம் செய்து வாதாடினார்கள். 1935-இல் லாஸ் ஏஞ்சலஸ் வரை போய், அன்றைய சாம்பியனான தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியைத் தோற்கடித்தார்கள். கறுப்பினத்தவர் என்பதால் விவாதச் சங்கத்தில் அவர்களுக்கு இடமில்லை, பட்டமும் இல்லை. 2007-இல் வந்த 'தி கிரேட் டிபேட்டர்ஸ்' படம் இவர்கள் கதைதான், தோற்ற அணியை மட்டும் ஹார்வர்டு என்று மாற்றிவிட்டார்கள். டால்சனிடம் பயின்ற ஜேம்ஸ் ஃபார்மர் பிற்பாடு குடிமை உரிமைப் போராட்டத்தின் பெரிய தலைவர்களில் ஒருவரானார். 1961-இல் பஸ்ஸில் நிறவெறியை எதிர்த்து நடந்த 'சுதந்திரப் பயணங்'களைத் தொடங்கிவைத்தவர் அவரே.

பேராசிரியர், தருமபுரி மாவட்டம்: எங்கள் கல்லூரியில் பேச்சு மன்றத்துக்கென்று நிதி இல்லை. எங்கே தொடங்குவது?

மாவட்டத்திலேயே தொடங்குங்கள். தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000, இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000 ரூபாய். மலையிலிருந்து வரும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இதற்குப் பெயர் கொடுக்க வையுங்கள். வாரம் ஒரு மாலை மரத்தடியில் தலைப்புக் கொடுத்துச் சீட்டுக் குலுக்குங்கள். அதற்கு நிதி வேண்டாம். ஆனால் ஒன்று: கடைசி வகுப்பு முடிந்ததும் மலைப் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் மாலைப் பயிற்சிக்கு வர முடியாது. அவருக்காக மதிய உணவு நேரத்தில் அரை மணி ஒதுக்குங்கள். இதைச் செய்யாததால்தான் மேடை எப்போதும் டவுன் பிள்ளைகளுக்கே போகிறது. வெளியூருக்கு அனுப்பும்போது ஒரு பேராசிரியையும் இரண்டு டிக்கெட்டும் தங்க ஓர் இடமும் போதும். முன்னாள் மாணவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, சித்தேரிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் போட்டிக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு மண்டபத்தில் போய் உட்காருங்கள். இரவு அவர்களை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.