குற்றாலச் சாரலும் கூரையில்லா ஜிப்சியும்: 970-ஆ 1298-ஆ என்னும் வினா குறித்த ஓர் ஆய்வு

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. தனி ஆட்சியர் வந்தார். தனிக் காவல் கண்காணிப்பாளர் வந்தார். ஆனால் ஆனி ஆடிச் சாரலில் கூரை திறந்த பழைய வண்டியில் போக ஆசைப்படுகிறவன் எத்தனை சி.சி. இன்ஜின் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை ஓர் அரசாணையும் வரவில்லை. அக்குறையை நீக்கப் புகுந்தது இவ்வாய்வு.

திறந்த கார் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் செய்த வண்டி. இங்கிலாந்தில் அதன் மூத்த சகோதரனான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு 1960-லேயே கூரையில்லா வடிவம் வந்துவிட்டது. இன்ஜினும் 948, 1147, 1296 என்று படிப்படியாக வளர்ந்தது. நம்மூர் ஹெரால்டோ 1961-இல் 948 சி.சி.யோடு பிறந்து 948 சி.சி.யோடே ஓய்வு பெற்றது. தேர்வு இல்லாத இடத்தில் ஆய்வுக்கு வேலையில்லை. எனவே அதை வணங்கி விலக்குகிறோம்.

எஞ்சுவது மாருதி ஜிப்சி. 1985-இல் வந்தபோது 970 சி.சி., 45 குதிரைத்திறன், நான்கு கியர். 1996-இல் ‘கிங்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டு 1298 சி.சி., 60 குதிரை, ஐந்து கியர். 2000-இல் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்ததும் 80 குதிரை. வண்டி நின்றுபோனது 2019-இல், அதாவது மாவட்டம் பிறந்த ஆண்டில். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே இப்போதைக்குக் கொள்கிறோம். மேலே துணிப் படுதா, அவிழ்த்தால் வானம். ராணுவத்திலும் போலீசிலும் வனத்துறையிலும் உழைத்துக் களைத்தவை ஏலத்துக்கு வந்து, பச்சைப் பெயிண்டின்மேல் சிவப்புப் பெயிண்ட் அடிக்கப்பட்டு, நம் ஆய்வுக்குக் கிடைக்கின்றன.

ஜிப்சி பழம்பெரும் வண்டி ஆகுமோ எனின், சட்டப்படி இன்னும் ஆகாது. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி 50 ஆண்டு கடந்தால்தான் விண்டேஜ் என்ற தகுதி. எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகளும் ஏறும். முதல் ஜிப்சிக்கு அந்த வயது 2035-இல் வரும். வந்தபின் இன்னொரு சிக்கல்: அத்தகைய வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அருவியில் குளிக்கப் போவது பட்டியலில் இல்லை. தொழில்நுட்ப ஆய்வு இருக்கிறது. இக்கட்டுரையின் படி ஒன்றை டாஷ்போர்டில் வைத்திருப்பது நல்லது.

இனி முன்னோர் ஆய்வு. குற்றால வட்டாரத்தில் ஓடிய கூரையில்லா வண்டி பற்றிய முதல் தொழில்நுட்பக் குறிப்பு, மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் உள்ளது. தேனருவியின் திரை எழும்பி வானத்துப் பாதையிலே ஒழுக, சூரியனுடைய குதிரைகளின் காலும் தேரின் காலும் வழுக்கின என்கிறார் அவர். புராணக் கணக்கில் அந்தத் தேருக்குக் குதிரை ஏழு, சக்கரம் ஒன்று. ஓட்டுநர் அருணனுக்குக் கால் இல்லை. ஆகவே கிளட்ச் மிதிக்கிற வண்டியாக அது இருந்திருக்க முடியாது. ஏழு குதிரைத்திறனும் ஒரே சக்கரத்தில் இறங்கியும் வண்டி வழுக்கியதே தவிர, இழுவை போதவில்லை என்று கவிராயர் எங்கும் சொல்லவில்லை. ஜிப்சியில் நான்கு சக்கர ஓட்டத்துக்குத் தனி லீவர் உண்டு. 45 குதிரையை நான்கால் வகுத்தால் சக்கரத்துக்கு 11.25 வரும். சின்ன இன்ஜினே கதிரவனை மிஞ்சிவிடுகிறது. 1298 எதற்கு என்ற ஐயம் இங்கேயே முளைக்கிறது.

ஐயத்தைக் கணக்கால் தீர்ப்போம்: படுதா இல்லாத வண்டியில் நனையாமல் போக எவ்வளவு வேகம் வேண்டும்? தூறல் என்பது அரை மில்லிமீட்டருக்கு மேற்படாத துளி. அத்தகைய துளி நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு நம் தலைக்கு 20 செ.மீ. உயரத்தில், ஒரு மீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்க. விளிம்பைத் தாண்டிய துளி தலைமட்டத்துக்கு இறங்க 0.1 நொடி ஆகும். அதற்குள் தலை ஒரு மீட்டர் முன்னேறிவிட்டால் துளி பின்னால் விழும். வேண்டிய வேகம் மணிக்கு 36 கி.மீ. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 72 கி.மீ. கனமழையின் பெரிய துளியோ நொடிக்கு 9 மீட்டர் இறங்குவது. அதற்கு முன்சீட்டுக்கே 162 கி.மீ., பின்பெஞ்சுக்கு 324 கி.மீ. என்று வருகிறது. அந்த வேகத்துக்கு எந்த ஜிப்சியும் பிறக்கவில்லை. ஆகவே சாரலோடு நிறுத்திக்கொள்வோம்.

காற்றைக் கணக்கில் சேர்க்காதது குறை என்பார் உளர். சேர்க்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து செங்கோட்டை, தென்காசி என்று அடித்துக்கொண்டு போய்ச் சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. நல்ல சாரல் நாளில் அது 36 கி.மீ. வேகத்தில் மேற்கிலிருந்து வீசுவதாகக் கொள்வோம். தென்காசியிலிருந்து குற்றாலம் தென்மேற்கே இருக்கிறது, போகும்போது எதிர்க்காற்று. அப்படியானால் வண்டியை மேற்குப் பார்த்து நிறுத்தி வைத்தாலே முன்சீட்டுக்காரர் நனையமாட்டார். தேவையான இன்ஜின் கொள்ளளவு: பூஜ்யம். (இதே பயனைக் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்று, வண்டியே வாங்காமல் அடையலாம். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டான்.) திரும்பி வரும்போது கதை மாறுகிறது. காற்று பிடரியில் அடிக்கும். அதை முந்திக்கொண்டு போக வேண்டும். முன்சீட்டுக்கு 72, பின்பெஞ்சுக்கு 108. இலைப்பட்டை ஸ்பிரிங்கில் குதிக்கும் 970-ஐ 108-க்கு விரட்டுவது வண்டிக்கும் நல்லதல்ல, முதுகெலும்புக்கும் நல்லதல்ல.

போகையில் இன்ஜினே வேண்டாம், வருகையில் 1298 வேண்டும் என்று முடிவு இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஆனால் திரும்பி வருகிறவர் யார்? பேரருவியில் முக்கால் மணி நேரம் நின்று, ஐந்தருவியில் இன்னொரு முறை நின்று, தலை துவட்டிய துண்டைத் தோளில் போட்டிருக்கிறவர். அவரைச் சாரலிலிருந்து காப்பதற்குக் கூடுதலாக 328 சி.சி. செலவிடுவதை எந்தத் தணிக்கை அதிகாரியும் ஒப்பமாட்டார்.

1298 கட்சியாரின் வலுவான வாதம் புளியரை ஏற்றம். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு எஸ் வளைவில் கோட்டைவாசல் நோக்கி ஏறினால் 970 இரண்டாம் கியருக்கு இறங்கி முனகும் என்பர். உண்மை. ஆனால் முன்னால் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி. 1298-ம் அதே இரண்டாம் கியரில்தான் முனகப் போகிறது, கொஞ்சம் மெதுவான குரலில். அதோடு பக்கத்திலேயே 1904-இல் திறந்த மலைப்பாதையில் ரயிலுக்கே பின்னால் இன்னொரு இன்ஜினைக் கோத்துத் தள்ளுகிற மரபு உண்டு. மிகவும் தேவைப்பட்டால் இரண்டாவது 970 ஒன்றைப் பின்னால் கோத்துக்கொள்ளலாம்; 1940 சி.சி. ஆகிவிடும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் திறந்த கார் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வேகத்துக்கு அன்று. மாப்பிள்ளை அழைப்புக்கு, தேர்தலில் வேட்பாளர் நின்று கும்பிடுவதற்கு. இரண்டிலும் வண்டியின் வேகத்தை நிர்ணயிப்பவர் நாதஸ்வரக்காரர் அல்லது வட்டச் செயலாளர். தவில்காரர் முக்கில் நின்று தனி வாசிக்கத் தொடங்கினால் கால் மணி நேரம் வண்டி ஐடிலிங்கில் நிற்கும். பழைய வண்டியில் ரேடியேட்டர் விசிறி பெல்ட்டால் இன்ஜினோடு பிணைந்தது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். பெரிய இன்ஜின் சும்மா நிற்கும்போதும் கூடுதல் பெட்ரோலை எரித்துக் கூடுதல் சூடு தரும். அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்கக் கார்கள் பெண் வீட்டு வாசலுக்கு முன்பே ஆவி கக்கி நின்றதன் காரணம் இதுவே. சி.சி. கூடக் கூடக் கல்யாணம் தாமதமாகும் என்பது இதன் துணைத்தேற்றம்.

குரங்கு இயலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குற்றாலத்தில் படுதா கழற்றிய வண்டியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனால் ரம்புட்டானும் மங்குஸ்தானும் நேந்திரம் சிப்ஸும் சீயக்காய்ப் பொட்டலமும் இருக்காது. இதில் இரண்டு இன்ஜினும் சமம்.

முடிவை அறிஞர் ஒருவர் பார்வைக்கு வைப்பது மரபாதலின், தென்காசியில் ஜிப்சி வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் கணக்கையெல்லாம் காட்டினேன். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“சீசன் ஞாயித்துக்கெழமை ரெண்டும் ஒரே வேகத்துலதான் போவும், சார்வாள். முன்னால போற பஸ்ஸு எம்புட்டு வேகமோ, அம்புட்டு.”

36 கி.மீ. வருமா என்றேன். சிரித்தார். “சேஸிஸ்ல துரு இருக்கான்னு பாரும். சி.சி.யா வந்து ஒடைஞ்சு விழப்போவுது?”

துருவும் பார்த்தாயிற்று. 970-ஏ சாலச் சிறந்தது என்று எழுதி, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டில் முன்வைத்தபோது, ஆய்வுக் குழுவின் மூத்த உறுப்பினரான அத்தை ஒரே கேள்வி கேட்டார்: “ஏல, குளிக்கத்தான போறோம், அதுக்குள்ள வழியிலயே எதுக்கு நனையணும்? படுதாவ மூடியே ஓட்டு.”

படுதா மூடிய ஜிப்சியில் மேற்கண்ட கணக்கு எதுவும் செல்லாது. மூடிய வண்டிதான் வேண்டுமென்றால் அத்தைக்குத் தெரிந்தவர் வீட்டில் ஓர் ஆம்னி விற்பனைக்கு நிற்கிறதாம். 796 சி.சி.