பூவுக்கும் பசிக்கும்

கேள்வி: ஜாடியில் வைத்த ரோஜா இரண்டே நாளில் தலை தொங்கிவிடுகிறது. தண்ணீரில் சர்க்கரை போடச் சொல்கிறார் மாமியார். ஆஸ்பிரின் போடு என்கிறாள் தோழி. யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: என் ஓட்டு மாமியாருக்கு, ஆனால் பாதி ஓட்டுதான்! செடியைவிட்டு வந்த பூவுக்குச் சர்க்கரை சாப்பாடு. அதே பந்தியில் பாக்டீரியாவும் உட்கார்ந்து, பெருகி, தண்டின் குழாய்களை அடைத்துவிடும். அதனால் 1 லிட்டர் தண்ணீருக்கு 1 டீஸ்பூன் சர்க்கரையோடு 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விடுங்கள். புளிப்பு பாக்டீரியாவை மட்டுப்படுத்தும். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் அடியைச் சாய்வாக நறுக்குங்கள். 2 நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பழுத்த வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பூவை வாட்டும். பழத்தட்டுப் பக்கம் வைக்காதீர்கள். ஆஸ்பிரின் தலைவலிக்கே இருக்கட்டும்!