உடைந்த கல்லுக்கு வாய் கொடுப்பது எப்படி?

ஏதென்ஸ் அகழாய்வுக் குழியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பளிங்குத் துண்டு வந்திருக்கிறது. மொத்தம் எட்டு எழுத்து. அதிலும் இரண்டு பாதிதான். பதிவேட்டில் ஏற்ற வேண்டியது நீங்கள். பதறாதீர்கள். கீழே சொன்னபடி செய்தால் இன்னும் நூறு வருஷத்துக்கு அறிஞர்களுக்கு வேலை இருக்கும்.

முதலில், கல் எங்கே கிடைத்தது என்று எழுதித் தொலைக்காதீர்கள். ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் 1931-இல் தோண்டத் தொடங்கிய அமெரிக்கர்கள் இதில் ரொம்பக் கறார். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். கல்வெட்டுக்கு ஐ, பானைக்கு பி, விளக்குக்கு எல், நாணயத்துக்கு என் என்று எழுத்துப் போட்டு வரிசை எண் கொடுத்தார்கள். கல்வெட்டு மட்டுமே 7,000-ஐத் தாண்டிவிட்டது. இதில் என்ன சுவாரசியம்? நீங்கள் 'தெற்குப் பக்கம், மரத்தடி' என்று எழுதுங்கள். மரத்தை வெட்டிய பிறகு இருக்கிறது வேடிக்கை.

உயரமும் அகலமும் அளந்தால் போதும். கனம் எதற்கு? பின்பக்கத்தைத் திருப்பவே வேண்டாம், இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஏதென்ஸுக்கு அதன் நேசநாடுகள் கட்டிய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அதீனா தேவிக்குப் போன கணக்கு, கி.மு. 454 தொடங்கி, ஒரு பெரிய கல்லின் நான்கு பக்கமும் வெட்டப்பட்டிருந்தது. அது சுமார் 180 துண்டாகக் கிடைத்தது. கனத்தையும் பின்பக்கத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் ஒட்டவைத்தார்கள். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டுமா?

சிறுபொருள்களுக்கு ஒரே பெட்டி போதும். நடுவில் குச்சி செருகிய வெண்கல வட்டு வந்தால் 'பம்பரம்' என்று எழுதி மூடிவிடுங்கள். உண்மையில் அது ஏதென்ஸ் நடுவர்கள் போட்ட ஓட்டு. குச்சி துளையுள்ளதா, கெட்டியா என்பதில்தான் தீர்ப்பே இருந்தது. இரு முனையையும் விரலால் மூடிக்கொண்டு போட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. உங்கள் புண்ணியத்தில் இனி யாருக்கும் தெரியாது. பம்பரம் என்று சொல்லவும் வாய் வராத பொருள்களுக்கு 'வழிபாட்டுப் பொருள்' என்ற அருமருந்து இருக்கவே இருக்கிறது.

அடுத்து காகிதப் படி. நம்மூர் மைப்படி மாதிரி இதற்கு மை கிடையாது. தடித்த காகிதத்தை நனைத்துக் கல்மேல் போர்த்தி, பிரஷ்ஷால் அடித்து, காயவிட்டு உரிப்பார்கள். நீங்கள் ஈரமாகவே உரித்துவிடுங்கள். அப்புறம் எழுத்து எப்படி வேண்டுமானாலும் தெரியும்.

இனிதான் முக்கியமான கட்டம். கல்லில் இல்லாததைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும், சந்தேகமான எழுத்தின் கீழே புள்ளி வைக்க வேண்டும் என்று 1931-இல் அறிஞர்கள் நெதர்லாந்தின் லெய்டனில் கூடி ஒழுங்கு செய்தார்கள். நமக்குப் புள்ளி தலைமேல், அவர்களுக்குக் காலடியில். அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள். உங்கள் கண்ணை யார் சந்தேகிக்கப்போகிறார்கள்?

பலன் தெரிய வேண்டுமானால் ஏதென்ஸ், சிசிலியின் எகெஸ்டா நகரத்தோடு செய்த உடன்படிக்கைக் கல்லைப் பாருங்கள். ஆண்டைக் காட்டும் ஆட்சியாளர் பெயரில் கடைசி 'ஓன்' மட்டும்தான் பளிச்சென்று தெரியும். ஹாப்ரோன் என்று படித்தால் கி.மு. 458. அரிஸ்தோன் என்றால் 454. ஆன்டிஃபோன் என்றால் 418. இந்தக் கல்லில் சிக்மா என்ற கிரேக்க எழுத்துக்கு மூன்றே கோடு. அப்படிப் போடும் வழக்கம் 446 வாக்கில் ஒழிந்துவிட்டது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, பழைய தேதிக்காகப் பல பேர் பேனாவை வாளாக்கினார்கள். 1990-இல் மூவர், லேசர் ஒளி பாய்ச்சிப் பார்த்து ஆன்டிஃபோன்தான் என்று எழுதினார்கள். மூன்று கோட்டு விதியும் கூடவே ஆட்டம் கண்டது. இத்தனைக்கும் காரணம் தேய்ந்துபோன நாலைந்து கீறல்.

அந்தக் கல் ஏதென்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் நீங்களும் ஒரு முறை எழுத்தை எண்ணிப் பாருங்கள். கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும்.